சாவோ, பிழைப்போ!

சிங்கத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடுத்த நிமிடமே பெரியப்பா மகனிடமிருந்து பதில் வந்துவிட்டது. தென்காசிப் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். "உருப்படி நல்லா இருக்கு. எத்தனாவது ஈத்து?" என்று கேட்டிருந்தார்.

அவர்மேல் தப்பில்லை. படத்தில் இருந்தது, வைக்கோல் நிறத்தில், புதர் நிழலில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டவனைப் போல நம்மைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிராணி. ஆண் சிங்கம்தான். ஆனால் பிடரி கிடையாது. கன்னத்தோரம் கொஞ்சம், கழுத்துக்குக் கீழே கொஞ்சம், மொத்தத்தில் என் தலையில் மிச்சமிருக்கிற அளவுக்கு முடி. ரூபாய்த் தாளில் உள்ள அசோகத் தூண் தொடங்கி அம்மன் கோயில் வாகனம் வரைக்கும் நாம் பார்த்து வளர்ந்த சிங்கத்துக்கெல்லாம் பிடரி உண்டு. அதை எடுத்துவிட்டால் சிங்கத்திடம் ஆதார் அட்டைதான் கேட்க வேண்டும்.

இந்த மொட்டைச் சிங்கத்தைப் பார்க்கத்தான் நான் கடல் கடந்து கென்யாவுக்குப் போனேன்.

எல்லாம் மச்சினனால் வந்தது. என் மனைவியின் தம்பி மொம்பாசாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க அத்தான், சிங்கம் காட்டுதேன்" என்று வருஷா வருஷம் கூப்பிடுவான். நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும், இனிமேல் லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல வழியில்லாமல் போயிற்று. மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"எந்த ஊருக்குப் போறோம்?"

"சாவோ."

"என்னது?"

"சாவோ, அத்தை. காட்டோட பேரு."

மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "போற எடத்துக்குப் பேரே சாவோவா? பிழைப்போன்னு ஒரு எடம் இல்லியா அங்கன?"

மச்சினன் வீடியோ அழைப்பில் வந்து, அது கம்பா மக்களின் பாஷை என்று விளக்கினான். "அவங்க பாஷையில ஏதாவது நல்ல அர்த்தமா இருக்கும்மா" என்று என் மனைவி எடுத்துக்கொடுத்தாள். மச்சினனுக்குக் கணக்கேட்டில் எப்படியோ, வாயால் பொய் சொல்ல வராது. "வெட்டிச் சாய்க்கிற எடம்னு அர்த்தம் சொல்லுதாங்க" என்றான்.

மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. கடையத்துக்காரர். மலையடிவாரம். அவரைப் பொறுத்தவரை காட்டு மிருகம் என்பது பார்க்கப் போகிற பொருள் அல்ல, விரட்டப் போகிற பொருள். அவர்கள் தோப்பில் கரடி வந்து பலாப்பழம் தின்றிருக்கிறது. யானை வந்து ஒரே ராத்திரியில் முந்நூறு வாழையைச் சாய்த்திருக்கிறது. சிறுத்தை வந்து வாசலில் கிடந்த நாயைக் கொண்டுபோயிருக்கிறது. இதற்கெல்லாம் அவர்கள் யாரிடமும் டிக்கெட் வாங்கியதில்லை. ஆனாலும் மகனைப் பார்க்க வேண்டுமே. "சரி, சிங்கத்துட்ட ரெண்டு நாளு, மவன்ட்ட ஒரு மாசம்" என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டார்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் புத்தகம் தருகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியைப் போடும் முன் மருத்துவர்கள் ஒன்றுக்கு மூன்று முறை யோசிப்பார்கள். மாமியாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "என்னையக் கடிச்சா கொசுவுக்குத்தான் காய்ச்சல் வரும், போடுங்கய்யா" என்று கையை நீட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களிடம் கென்யா அந்தப் புத்தகத்தைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது நம் நாடுதான் கேட்கும். இல்லையென்றால் ஆறு நாள் தனியே அடைத்துவிடும். இதைச் சொன்னதும் மாமியார் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு வந்தது. "போறதுக்குக் கேக்காம வாரதுக்குக் கேக்கானா? அப்போ சாவோவுக்குப் போனாலும் திரும்பி வருவோம்னு கவருமெண்டுக்கே நம்பிக்கை இருக்கு" என்றார். அன்று முதல் அந்தப் புத்தகத்தை ஜாதகம் மாதிரிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அடுத்து பாலிதீன். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2020 ஜூனிலிருந்து தேசியப் பூங்காக்களுக்குள் தண்ணீர் பாட்டில், உறிஞ்சு குழல் எதுவும் ஆகாது. நம் வீட்டில் ஊறுகாய்க்கு ஒரு பாலிதீன், அது ஒழுகினால் என்ன செய்வது என்று இன்னொரு பாலிதீன், இரண்டும் ஒழுகினால் என்ன செய்வது என்று மூன்றாவது பாலிதீன் என்று பயணம் கிளம்பியே பழக்கம். நானும் மனைவியும் திகைத்து நின்றபோது மாமியார் பரணிலிருந்து எவர்சில்வர் தூக்குச்சட்டிகளையும் கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு சேர்ந்த மஞ்சப்பைகளையும் இறக்கினார். மஞ்சள் புத்தகம், மஞ்சப்பை சகிதமாக நாங்கள் விமான நிலையத்தில் நின்றபோது, பார்த்தவர்கள் சமயபுரத்துக்கு நடக்கிற கூட்டம் வழிதவறி வந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது தொல்லை நானாக வரவழைத்துக்கொண்டது. என் தலைமுறைக்கு சஃபாரி என்றால் காடு கிடையாது, துணி. 1980களில் கொஞ்சம் கௌரவமான உத்தியோகத்தில் இருந்தவன் எவனும் ஒரு சஃபாரி சூட் தைத்துக்கொள்ளாமல் இருக்கமாட்டான். நான் தைத்தது மறுவீட்டுக்கு, கருநீலத்தில். முப்பத்தைந்து வருஷமாக பீரோவில் அந்துருண்டையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. சஃபாரிக்கு சஃபாரி போடாமல் பிறகு எதற்குப் போடுவது? நாலு பொத்தானில் மூன்று இன்னும் எட்டின. அந்த நாலாவதை மஞ்சப்பையை முன்னால் பிடித்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்துக்கொண்டேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ஸ்வாஹிலியில் சஃபாரி என்றால் வெறும் பயணம்தான். பக்கத்து ஊர்ச் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போவதும் சஃபாரிதான்.

மொம்பாசாவிலிருந்து வோய் என்கிற ஊருக்கு ரயிலில் போனோம். 2017-இல் ஓடத் தொடங்கிய புதுப் பாதை, சீனர்கள் போட்டுக்கொடுத்தது. காட்டுப் பகுதியில் உயரமாகக் கரை கட்டி ரயிலை மேலே விட்டு, யானைகள் கடந்து போக அடியில் வழி விட்டிருக்கிறார்கள். இந்தப் பாதைக்கு ஒரு தாத்தா உண்டு. அந்தத் தாத்தாவின் கதையை மச்சினன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரம்பித்தான்.

1896-இல் மொம்பாசாவில் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரியை எட்டிய அந்தப் பழைய பாதையைப் போடுவதற்கு ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்து சுமார் 32,000 பேரைக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டுபோனார்கள். காய்ச்சலும் விபத்தும் கொண்டுபோன கணக்குதான் பெரிது. ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது இரண்டு சிங்கங்களைத்தான். 1898 மார்ச்சில் சாவோ ஆற்றின்மேல் பாலம் கட்ட பாட்டர்சன் என்கிற பொறியாளர் வந்து இறங்கினார். டிசம்பர் வரைக்கும் இரண்டு ஆண் சிங்கங்கள் ராத்திரி கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போயின. முள்ளுப் படல் கட்டினார்கள், தீ வளர்த்தார்கள், தகரத்தைத் தட்டினார்கள். எதற்கும் அசையவில்லை. இரண்டுக்குமே பிடரி கிடையாது.

"ஆரம்பத்துல அதுங்களுக்கும் தொழில் பிடிபடல" என்றான் மச்சினன். பாட்டர்சன் 1907-இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியிருக்கிறாராம். ஒரு வியாபாரி ராத்திரியில் கழுதைமேல் வந்துகொண்டிருந்தார். சிங்கம் பாய்ந்ததில், கழுதைக் கழுத்தில் தொங்கிய இரண்டு காலி எண்ணெய் டின்களின் கயிறு அதன் நகத்தில் மாட்டிக்கொண்டது. டின்கள் கடகடவென்று பின்னாலேயே வர, சிங்கம் பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டது. வியாபாரி விடிகிறவரை மரத்தைவிட்டு இறங்கவில்லை. இன்னொரு நாள் கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிரேக்கக் காண்டிராக்டரை விட்டுவிட்டு அவர் படுத்திருந்த மெத்தையைக் கவ்விக்கொண்டு போயிற்று. வேறொரு நாள் பதினாலு பேர் படுத்திருந்த கூடாரத்துக்குள் குதித்து, ஒருவரைக் காயப்படுத்தி, அவசரத்தில் ஆளுக்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, சற்றுத் தள்ளிப் போய் வெறுத்துப்போய்ப் போட்டுவிட்டுப் போயிற்று.

"ரேசன் அரிசியா இருக்கும்" என்றார் மாமியார்.

பாட்டர்சன் தண்டவாளத் துண்டுகளை வைத்து ஒரு பொறி செய்தார். நடுவே கம்பித் தடுப்பு. இந்தப் பக்கம் சிங்கம் வர வேண்டிய இடம், அந்தப் பக்கம் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். ஆட்டுக்குட்டிக்குப் பதில் அவர்களேதான் இரை. ஒரு ராத்திரி சிங்கம் நிஜமாகவே வந்து மாட்டிக்கொண்டது. கதவும் விழுந்துவிட்டது. கை நீட்டினால் தொடுகிற தூரம். சிப்பாய்கள் முதலில் உறைந்துபோனார்கள், பிறகு கண்டபடி சுட்டார்கள். அதில் ஒரு குண்டு கதவின் கம்பியைத்தான் பெயர்த்தது. சிங்கம் அந்த வழியே வெளியேறிப் போய்விட்டது. அரசாங்கத் திட்டங்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது.

டிசம்பர் தொடக்கத்தில் தொழிலாளர்கள் பொறுமை இழந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் படுத்து, வந்த ரயிலை நிறுத்தி, அதிலேயே தொற்றிக்கொண்டு ஊரைவிட்டே ஓடினார்கள். ரயில் மறியல் நம் ஊர்ச் சரக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூன்று வாரம் பால வேலை நின்றது. 9-ஆம் தேதி ஒரு சிங்கத்தையும் 29-ஆம் தேதி மற்றதையும் பாட்டர்சன் சுட்டுக் கொன்றார். தோல்கள் பல வருஷம் அவர் வீட்டில் தரைவிரிப்பாகக் கிடந்து, 5,000 டாலருக்கு விற்கப்பட்டு, சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் மறுபடியும் சிங்கங்களாக நிற்கின்றன. மொத்தம் 135 பேரைத் தின்றன என்று பாட்டர்சன் பிற்காலத்தில் சொன்னார். 2009-இல் அந்த எலும்பையும் முடியையும் ஆராய்ந்தவர்கள் சுமார் 35 பேர் என்றார்கள். "135, 35. ஒரு ஒண்ணு எங்கேயோ கூடுதலா விழுந்திருக்கு" என்றான் மச்சினன். கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு அதுதான் படும்.

"ஏம்ல, அதுக்கு ஆள்தான் கெடச்சுதா? மான் மட்டை இல்லியா?" என்று கேட்டார் மாமியார்.

முதல் சிங்கத்துக்குக் கோரைப்பல்லின் வேரில் சீழ் வைத்திருந்ததாம். திமிறுகிற எருமையைக் கடித்து நிறுத்த முடியாத வாய்க்கு, கூடாரத்தில் தூங்குகிற மனிதன் மெத்தென்ற தீனி. இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

"போன தீவாளிக்கு உங்களுக்குக் கடைவாய்ப் பல்லு வலிச்சப்போ எங்களையெல்லாம் தின்னீங்களே, அது மாதிரி" என்றாள் என் மனைவி.

மாமியார் சிங்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார். "பாவம். ஒரு கிராம்பு வச்சுவிட ஆளில்லாமப் போச்சு."

"அதும்மா, கிராம்பு வெளையுத சான்சிபார் இங்கனதான், பக்கத்துல" என்றான் மச்சினன். ரயில் பெட்டியில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

வோய் வாசலில் டிக்கெட். அங்கே வேலை பார்க்கிற மச்சினனுக்கு ஒரு கட்டணம், அயல்நாட்டாரான எங்களுக்கு அதைவிடப் பல மடங்கு. "மவனோட வந்தவளுக்கு ஒரு ரேட்டு, மவனுக்கு ஒரு ரேட்டா?" என்று மாமியார் நியாயம் கேட்டார். எங்கள் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே அவருக்குக் கை கொடுத்து வண்டியில் ஏற்றினார். "கரிபு, மாமா" என்றார்.

மாமியார் பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாரைச் சொல்லுதான்? ஒங்க மாமா போய்ச் சேந்து ஒம்பது வருசமாச்சே மாப்ளே!"

ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா. மரியாதைக்குரிய எந்தப் பெண்ணையும் அப்படித்தான் அழைப்பார்களாம். விளக்கிய பிறகும் இரண்டு நாளும் ஓட்டுநர் "மாமா" என்று கூப்பிடும்போதெல்லாம் நான்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். மச்சினனை அவர் "காக்கா" என்றார். என் மனைவி கோபப்படத் தயாரானாள். "சும்மா இருட்டி. காயல்பட்டினத்துல அண்ணனைக் காக்கான்னுதான சொல்லுவாக. இங்கயும் அப்படித்தான் போல" என்று மாமியார் அடக்கினார். மச்சினன் வாய் பிளந்தான். காக்கா என்றால் ஸ்வாஹிலியிலும் அண்ணன்தான். அவனுக்கே அது புரிய அங்கே போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

இன்னொரு சொல்லும் கற்றுக்கொண்டேன். நாம் வரிக்குதிரை என்கிறதை அவர்கள் புண்டா மிலியா என்கிறார்கள். வரிக்கழுதை. அதே மிருகம், அதே கோடு. இங்கே குதிரையாக இருப்பது அங்கே கழுதையாகிவிடுகிறது. பதவி உயர்வும் இறக்கமும் இடமாற்றத்தில்தான் இருக்கிறது என்பது வங்கிக்காரனுக்குத் தெரியாததா?

கிழக்குச் சாவோ மட்டும் 13,747 சதுர கிலோமீட்டர். தென்காசியைப் பிரிக்காத பழைய திருநெல்வேலி மாவட்டத்தைப் போல இரண்டு பங்கு. வண்டியின் கூரையைத் தூக்கிவிட்டால் எழுந்து நின்று தலையை வெளியே நீட்டிப் பார்க்கலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு, எக்காரணம் கொண்டும் கீழே இறங்கக் கூடாது. எனக்குச் சர்க்கரை உண்டு. எக்காரணம் என்பதில் என் காரணம் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வரும். எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் இதற்காகப் புதர்ப் பக்கம் ஒதுங்குவதை "மருந்து தோண்டப் போவது" என்பார்களாம். சொல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் மருந்து தோண்டுகிற இடத்தில் சிங்கம் தலைமாட்டில் படுத்திருந்தால் என்ன ஆவது? ஒவ்வொரு தடவையும் அடுத்த ஓய்விடம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அந்த மேடுபள்ளச் சாலையில் நான் வேண்டிய தெய்வங்களின் பட்டியல் நீளம்.

ஆரூபா அணைப் பக்கம் யானைகளைப் பார்த்தோம். சாவோ யானைகள் சிவப்பு. இரும்புச் சத்து ஏறிய செம்மண்ணில் புரண்டு, அதையே துதிக்கையால் வாரி மேலே போட்டுக்கொண்டு, செந்தூரம் பூசிய பிள்ளையார்கள் ஒரு நாற்பது பேர் ஊர்வலம் வந்ததுபோல வந்தன. சாவோ வட்டாரம் முழுவதும் சுமார் 15,000 யானைகள் இருக்கின்றன. என் மனைவி கைகூப்பினாள். மாமியார் மட்டும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "இத்தனையும் சேந்து ஒரு தோட்டத்துல எறங்குனா என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

மச்சினன் இதை மொழிபெயர்த்ததும் ஓட்டுநர் வண்டியையே நிறுத்திவிட்டார். அவர் ஊர் வோய்க்குப் பக்கத்தில் சகல்லா மலையடிவாரம். அவர் அம்மாவின் மக்காச்சோளத்தை யானைகள் தின்றுவிடுமாம். இப்போது தேனீ வேலி போட்டிருக்கிறார்கள். தோட்டத்தைச் சுற்றி பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டு, ஒன்றோடொன்று கம்பியால் கோத்துவிடுவது. யானை கம்பியில் மோதினால் பெட்டிகள் ஆடும், தேனீ கிளம்பும். அவ்வளவு பெரிய உடம்புக்குத் தேனீ என்றால் பயம். துதிக்கைக்குள்ளும் கண்ணோரத்திலும் கொட்டிவிடும் அல்லவா? ஓட்டுநர் ஸ்வாஹிலியில் பெட்டியின் அளவைக் கையால் காட்டினார். மாமியார் கடையத்துத் தமிழில் சோலார் வேலியின் குறைகளை விளக்கினார். இருவருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பக்கத்தில் நாற்பது யானைகள் நின்றன. இவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மற்றபடி எல்லாம் பார்த்தோம். பின்னங்காலில் எழுந்து நின்று, பரணில் டப்பா தேடுகிற மாமியைப் போலக் கழுத்தை நீட்டி முள்மரத்துத் தழையைத் தின்னும் கெரெனுக் மான். முயலைவிடக் கொஞ்சம் பெரியதான, எப்போதும் கணவனும் மனைவியுமாகவே நிற்கிற டிக்டிக் மான். வாலைக் கம்பிபோல் நட்டுக்கொண்டு ஓடும் காட்டுப்பன்றி. சிங்கத்தை மட்டும் காணோம். எதிரே வண்டி வரும்போதெல்லாம் எங்கள் ஓட்டுநர் நிறுத்துவார். இரண்டு அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் நடுரோட்டில் நிறுத்திப் பேசுவது போலவே பேச்சு நடக்கும். நான் காதைத் தீட்டிக்கொண்டு சிம்பா என்ற சொல் வருகிறதா என்று பார்ப்பேன். சிம்பா என்றால் சிங்கம். ஒவ்வொரு முறையும் வந்தது. பின்னால் உதட்டைப் பிதுக்கலும் கூடவே வந்தது.

ராத்திரி விடுதியில் உகாலி என்று வெள்ளை மக்காச்சோள மாவைக் கிண்டி வைத்தார்கள். "களி" என்று மாமியார் ஒரே சொல்லில் முடித்தார். தொட்டுக்கொள்ள சுகுமா விகி என்றொரு கீரை. "வாரத்தைத் தள்ளு" என்று அர்த்தமாம். சம்பளத் தேதி வரைக்கும் வீட்டைத் தள்ளிக்கொண்டு போகிற கீரை. நம் வீட்டு முருங்கைக்கீரைக்கு அக்காள் மகள்.

விடுதிக்குக் கீழே ஒரு நீர்க்குட்டை. விளக்குப் போட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் பலர் கம்பளி போர்த்திக்கொண்டு மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். மாமியார் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மூர்ல கரடி வந்தா ஆபீசுக்குப் போன் போட்டு, போகச் சொல்லு போகச் சொல்லுன்னு கெடந்து அடிச்சுக்கிடுதோம். இவங்க துட்டக் குடுத்து, வா வான்னு கூப்பிடுதாங்க. ரயில மறிச்சு ஓடுனானே அந்தப் பஞ்சாபிக்காரன், அவன் எந்திரிச்சு வந்து இதைப் பாத்தா என்ன நெனைப்பான் மாப்ளே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தொழிலாளிக்கு அன்று நடுவே இருந்தது ஒரு கூடாரத் துணி. எனக்கு மின்வேலி, காவலாளி, திரும்பி வருவதற்கான மஞ்சள் புத்தகம். சிங்கம் வரவில்லையே என்று வருத்தப்படுவதற்கே ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

மறுநாள் கலானா ஆற்றுப் பக்கம் போனோம். கடைசி நாள் என்பதால் நான் சஃபாரி சூட்டை அணிந்துகொண்டேன். ஓட்டுநர் என்னைப் பார்த்ததும் எதையோ சொல்ல வாயெடுத்து, மரியாதை கருதி விட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் காரணம் தெரிந்தது. செட்ஸி ஈ. அதற்குக் கருநீலமும் கறுப்பும் என்றால் உயிராம். அதைப் பிடிக்கப் பொறி வைக்கிறவர்கள் நீலமும் கறுப்புமான துணியைத்தான் கட்டித் தொங்கவிடுவார்களாம். அன்று அந்தப் பொறிக்குள் நான் இருந்தேன். ஊசி குத்துகிற மாதிரிக் கடிக்கிறது. அடித்தால் சாவதில்லை, துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வருகிறது. கைக்குட்டையை வீசினேன், மஞ்சப்பையை வீசினேன். மூன்றாவது பொத்தானும் தெறித்தது. என் மனைவி, மறுவீட்டுக்குப் போன அன்றைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் நான் இந்த உடுப்பில் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறேன் என்றாள்.

சிங்கம் தேடுகிறவனுக்கு எல்லாமே சிங்கம். ஒரு கறையான் புற்றைப் பத்து நிமிடம் படம் எடுத்தேன். ஒரு பாறையை இரண்டு கோணத்தில் எடுத்தேன். ஒரு பட்ட மரம் தன்னை நோக்கி நடந்து வந்ததாக மச்சினன் இன்றுவரை சாதிக்கிறான். ஓட்டுநர் தொலைநோக்கியை இறக்கிவைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஆறு மணிக்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும் என்றார். வண்டியைத் திருப்பினார்.

"எய்யா, நில்லு" என்றார் மாமியார்.

நின்றது. "காத்தே இல்ல. அந்தா, அந்தப் புதருல ஒண்ணு மட்டும் ஆடுது பாத்தியா?"

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுநர் தொலைநோக்கியை எடுத்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு திரும்பி, வெகு பணிவாக, "மாமா!" என்றார். இந்த முறை நான் திரும்பவில்லை. ஆடியது சிங்கத்தின் காது. ஈயை ஓட்டிக்கொண்டிருந்தது. பலாமரத்தில் கரடியைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அது போதும்.

மெதுவாக நெருங்கினோம். பதினைந்து அடி இருக்கும். ஆண் சிங்கம். பிடரி இல்லை. சாவோவின் வெயிலுக்குப் பிடரி என்பது கம்பளிப் போர்வை, முள்ளுப் புதருக்குள் நுழைகிறவனுக்குத் தலைமுடி தொல்லை என்று காரணம் சொல்கிறார்கள். என் மனைவி சிங்கத்தைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், மறுபடியும் சிங்கத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் எங்கிருந்தோ ஏழெட்டு வண்டிகள் வந்து, பந்திக்கு முந்துகிறவர்களைப் போல இடம் பிடித்தன. எல்லாக் கூரையிலிருந்தும் தலைகள் முளைத்தன. சிங்கம் ஒருவரையும் மதிக்கவில்லை.

பிறகு தலையைத் திருப்பியது. என் நேரே. தேன் நிறக் கண். கோபம் இல்லை, பசி இல்லை, என்னைப் பற்றிய அபிப்பிராயமே இல்லை. மின்வேலி இல்லை, காவலாளி இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கும் அதற்கும் நடுவே இருந்தது ஒரு தகரக் கதவும் ஒரு மஞ்சப்பையும். முழங்கால் தானாக மடங்கிற்று. தண்டவாளத்தில் படுத்தவனை நான் அந்த ஒரு நொடியில் முழுக்கப் புரிந்துகொண்டேன். ரயில் வந்திருந்தால் நானும் படுத்திருப்பேன்.

சிங்கம் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்தது. திறந்துகொண்டே போயிற்று. எல்லா வண்டிகளிலும் கேமராக்கள் படபடத்தன. கொட்டாவி. மேலே இரண்டு, கீழே இரண்டு, விரல் நீளத்துக்குக் கோரைப்பற்கள் மாலை வெயிலில் மின்னின.

மாமியார் ஜன்னல் பக்கம் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, ஒரு பல் வைத்தியரின் நிதானத்தோடு உள்ளே பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"எல்லாப் பல்லும் நல்லாத்தான் இருக்கு மாப்ளே. சொத்தை கித்தை ஒண்ணும் இல்ல. நீங்க பயப்படாம எந்திரிங்க."